பெண் என்பதால் சம்பளம் இல்லை, யூதர் என்பதால் வேலை இல்லை... ஐன்ஸ்டீனே வியந்த எம்மி நோதர் யார்?

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவத்தில் இருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றத்தான் முடியும். பத்தாம் வகுப்பு தாண்டிய எல்லோருக்கும் இந்த விதி தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பீர்கள்.

ஆனா, அது ஏன் அப்படி?

இந்தக் கேள்விக்கு 1918ல் பதில் சொன்னவர் ஒரு பெண். பெயர் எம்மி நோதர். அப்போது அவருக்கு வயது 36. கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கி 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் பல்கலைக்கழகத்தில் வேலை கிடையாது, சம்பளம் கிடையாது. தன் பெயரில் வகுப்பு எடுக்கக்கூட அனுமதி கிடையாது.

இன்று உலகம் முழுக்க கணிதமும் இயற்பியலும் படிப்பவர்கள் அவர் பெயரைத் தாண்டாமல் போக முடியாது. இத்தனை தடைகளுக்கு நடுவே அது எப்படி நடந்தது? பார்க்கலாம்.

கணக்கு நடமாடிய வீடு

எம்மி நோதர் பிறந்தது 1882 மார்ச் 23. ஊர், ஜெர்மனியின் பவேரியா பகுதியில் இருக்கும் எர்லாங்கன் என்ற சின்னப் பல்கலைக்கழக நகரம். யூதக் குடும்பம். அப்பா மாக்ஸ் நோதர், எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். 14 வயதில் போலியோ தாக்கியதால் காலில் பாதிப்போடு வாழ்ந்தவர். கணித உலகில் அவருக்கென்று தனிப் பெயர் இருந்தது. அம்மா ஐடா, கொலோன் நகரத்து வசதியான வணிகக் குடும்பத்துப் பெண்.

நான்கு பிள்ளைகளில் எம்மிதான் மூத்தவர். கீழே மூன்று தம்பிகள்: ஆல்பிரெட், ஃபிரிட்ஸ், குஸ்டாவ். இதில் ஃபிரிட்ஸும் பின்னாளில் கணிதப் பேராசிரியர் ஆனார். அவர் கதை கடைசியில் வருகிறது.

சின்ன வயதில் எம்மியை யாரும் மேதை என்று கொண்டாடவில்லை. கிட்டப்பார்வை, பேச்சில் கொஞ்சம் மழலை. அந்தக் காலத்து நடுத்தர வர்க்கப் பெண்பிள்ளைகளைப் போலவே சமையல், வீட்டு வேலை, பியானோ என்று பழக்கினார்கள். அவருக்குப் பிடித்ததோ நடனம்!

படித்து முடித்ததும் பெண்களுக்கு இருந்த ஒரே கௌரவமான வழி டீச்சர் வேலை. 1900ல் ஆங்கிலம், பிரெஞ்சு ஆசிரியருக்கான அரசுத் தேர்வை எழுதினார் எம்மி. நல்ல தேர்ச்சி. ஒரு பெண்கள் பள்ளியில் சேர்ந்திருந்தால் வாழ்க்கை நிம்மதியாகப் போயிருக்கும்.

அவர் சேரவில்லை. கணக்கு படிக்கப் போகிறேன் என்றார்.

986 பேரில் 2 பெண்கள்

அதுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னால்தான், 1898ல், எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழு ஒரு முடிவை அறிவித்திருந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தால் கல்விக் கூடத்தின் ஒழுங்கே குலைந்துவிடும் என்பதுதான் அதன் சாரம்.

அதனால் எம்மிக்கு மாணவியாகச் சேர அனுமதி இல்லை. வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம், அவ்வளவுதான். அதுக்கும் ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியாகப் போய் அனுமதி கேட்க வேண்டும். அப்பா வேலை பார்க்கும் அதே பல்கலைக்கழகத்தில்! அங்கே அப்போது படித்த 986 பேரில் பெண்கள் 2 பேர்தான். அதில் ஒருவர் எம்மி.

1903ல் நியூரம்பெர்க்கில் பல்கலைக்கழக நுழைவுக்கான பள்ளி இறுதித் தேர்வில் தேறினார். பிறகு ஒரு பருவம் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஹில்பர்ட், க்ளைன், மின்கோவ்ஸ்கி போன்ற ஜாம்பவான்களின் வகுப்புகளைக் கேட்டார். அந்தச் சமயத்தில் எர்லாங்கனில் பெண்களுக்கான தடை நீங்க, 1904ல் ஊர் திரும்பி முறைப்படி மாணவியாகச் சேர்ந்தார்.

1907ல் முனைவர் பட்டம். வழிகாட்டி, அப்பாவின் நண்பர் பால் கோர்டன். அவர் விடாமல் கணக்குப் போட்டுத் தள்ளுகிற பழைய பாணி ஆள். எம்மியின் ஆய்வும் அப்படித்தான் இருந்தது. மாறிலிகள் பற்றிய அந்த ஆய்வின் முடிவில் 331 கோவைகளைக் கையால் கணக்கிட்டுப் பட்டியல் போட்டிருந்தார். பட்டம் கிடைத்தது, பாராட்டும் கிடைத்தது.

ஆனா பின்னாளில் அந்த ஆய்வை அவரே குப்பை என்று ஒதுக்கிவிட்டார். ஏன்னா, கணிதம் என்றால் கணக்குப் போடுவது மட்டும் இல்லை என்று அவருக்கு அதுக்குள் புரிந்திருந்தது.

7 ஆண்டுகள்... சம்பளம் பூஜ்ஜியம்

முனைவர் பட்டம் வாங்கிய ஆணுக்கு அடுத்த படி, பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவது. பெண்ணுக்கு அந்தப் படியே இல்லை. 1908 முதல் 1915 வரை எர்லாங்கனில் சம்பளமே வாங்காமல் வேலை பார்த்தார் எம்மி. அப்பாவுக்கு உடம்பு முடியாதபோது அவருக்குப் பதிலாக வகுப்பு எடுத்தார். கட்டுரைகள் எழுதினார்.

இதில் ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். வயிற்றுப்பாட்டுக்குக் குடும்பம் இருந்ததால்தான் அவரால் இப்படி ஆண்டுக்கணக்கில் இருக்க முடிந்தது. அந்த வசதி இல்லாமல் பாதியிலேயே படிப்பை மூட்டை கட்டிய பெண்கள் எத்தனை பேரோ! அவர்கள் பெயர்கள் எந்தப் பதிவிலும் இல்லை.

கோர்டன் ஓய்வு பெற்ற பிறகு எர்லாங்கனுக்கு வந்த எர்ன்ஸ்ட் ஃபிஷர் என்ற கணித அறிஞரோடு நடந்த உரையாடல்கள் எம்மியின் பாதையை மாற்றின. தனித்தனிக் கணக்குகளை விட்டுவிட்டு, அவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் பொதுவான அமைப்பைத் தேடத் தொடங்கினார்.

கோட்டிங்கனில் என்ன நடந்தது?

1915ல் டேவிட் ஹில்பர்ட், ஃபெலிக்ஸ் க்ளைன் இருவரும் எம்மியை கோட்டிங்கனுக்கு அழைத்தார்கள். அன்றைக்கு உலகக் கணிதத்தின் தலைநகரம் அதுதான். ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கோட்பாடு உருவாகிக்கொண்டிருந்த நேரம். அதில் ஆற்றல் பற்றிய ஒரு சிக்கல் ஹில்பர்ட்டைப் படுத்தி எடுத்தது. அதை அவிழ்க்க எம்மியின் திறமை தேவைப்பட்டது.

எம்மி போய்ச் சேர்ந்த இரண்டே வாரத்தில் ஊரில் அம்மா திடீரென்று இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடுதான் கோட்டிங்கன் வாழ்க்கை தொடங்கியது.

அவருக்குப் பாடம் நடத்தும் தகுதி தர வேண்டும் என்று ஹில்பர்ட் கேட்டார். கணிதக்காரர்கள் ஒப்புக்கொண்டாலும் மொழியியல், வரலாற்றுப் பேராசிரியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். போர்க்களத்தில் இருந்து திரும்பி வரும் நம் வீரர்கள் ஒரு பெண்ணிடமா பாடம் கேட்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். இன்று விரிவுரையாளர் ஆனால் நாளை பேராசிரியர் ஆவார், அப்புறம் ஆட்சிக் குழுவிலும் உட்காருவார் என்ற பயமும் இருந்தது.

ஹில்பர்ட் கொதித்துப் போனார். ஆள் ஆணா பெண்ணா என்பது ஒரு காரணமே ஆகாது, இது பல்கலைக்கழகம், ஆண்கள் குளிக்கிற பொதுக் குளியலறை இல்லை என்ற தொனியில் அவர் பதிலடி கொடுத்ததாகச் சொல்வார்கள். ஆனால் பெர்லினில் இருந்த அமைச்சகமும் அனுமதி தரவில்லை.

அப்புறம் என்ன செய்தார் ஹில்பர்ட்? ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். அறிவிப்புப் பலகையில் வகுப்பு ஹில்பர்ட் பெயரில் இருக்கும், உதவி எம்மி நோதர் என்று கீழே வரும். உள்ளே போய்ப் பாடம் நடத்துவது எம்மி! அதுக்கும் சம்பளம் கிடையாது.

நோதர் தேற்றம்: சிம்பிளாகப் புரிந்துகொள்ளலாமா?

இந்த நிலைமையில்தான் 1918ல் அந்தக் கண்டுபிடிப்பு வெளியானது. ஜூலை மாதம் கோட்டிங்கன் அறிவியல் கழகத்தில் கட்டுரையைச் சமர்ப்பித்தவர் ஃபெலிக்ஸ் க்ளைன். எம்மி அந்தக் கழகத்தில் உறுப்பினர் இல்லை. கடைசி வரை அவரைச் சேர்க்கவும் இல்லை.

கட்டுரை சொல்வது இதுதான்: இயற்கையில் எங்கே ஒரு தொடர்ச்சியான சமச்சீர் இருக்கிறதோ, அங்கே மாறாத ஒரு அளவும் இருக்கும்.

சமச்சீர் என்றால்? ஒன்றை மாற்றிய பிறகும் விதிகள் அப்படியே இருப்பது. இன்று செய்யும் சோதனையை நாளை செய்தாலும் இயற்கையின் விதி அதேதான். இது காலத்தின் சமச்சீர். ஆற்றல் அழியாது என்ற விதி இதில் இருந்துதான் பிறக்கிறது.

எப்படி? ஒரு கற்பனை. செவ்வாய்க்கிழமை புவியீர்ப்பு குறைவு, புதன்கிழமை அதிகம் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை குறைந்த மின்சாரத்தில் மோட்டார் போட்டு மொட்டை மாடி டேங்க்கை நிரப்பலாம். புதன்கிழமை அதே தண்ணீரைக் கீழே விட்டு, செலவழித்ததை விட அதிக மின்சாரம் எடுக்கலாம். சும்மா கிடைத்த ஆற்றல்! நிஜத்தில் அது நடப்பதில்லை. ஏன்னா இயற்கையின் விதிகள் கிழமை பார்ப்பதில்லை.

இதே மாதிரி, சோதனையை இங்கே செய்தாலும் பக்கத்து ஊரில் செய்தாலும் விதி ஒன்றே என்பதில் இருந்து உந்தம் மாறாது என்ற விதி வருகிறது. எந்தத் திசையில் திருப்பி வைத்தாலும் விதி ஒன்றே என்பதில் இருந்து கோண உந்தம் மாறாது என்ற விதி வருகிறது. பனிச்சறுக்கு நடனக்காரர் சுழலும்போது கைகளை மடக்கினால் வேகம் கூடுகிறதே, அதுக்குக் காரணம் இந்த விதிதான்.

அதுவரை தனித்தனியாக மனப்பாடம் செய்யப்பட்ட விதிகளுக்கெல்லாம் ஒரே வேர் இருக்கிறது என்று காட்டினார் எம்மி. ஹில்பர்ட்டைக் குழப்பிய பொதுச் சார்பியல் சிக்கலுக்கும் அதே கட்டுரையில் விளக்கம் இருந்தது. இன்றைய துகள் இயற்பியலின் அடிப்படைக் கருவிகளில் இந்தத் தேற்றமும் ஒன்று.

இயற்கணிதத்தையே மாற்றியவர்

இயற்பியல் உலகம் கொண்டாடும் இந்தத் தேற்றம் எம்மியின் பயணத்தில் ஒரு நிறுத்தம்தான். கணித உலகம் அவரைக் கொண்டாடுவது இன்னொரு காரணத்துக்காக.

முதல் உலகப் போர் முடிந்து, மன்னராட்சி போய், ஜெர்மனியில் பெண்களுக்கு வாக்குரிமையும் வந்த பிறகு, 1919ல்தான் சொந்தப் பெயரில் பாடம் நடத்தும் அனுமதி கிடைத்தது. 1922ல் பேராசிரியர் என்ற பட்டப் பெயரும் வந்தது, சம்பளம் வரவில்லை. 1923ல் இயற்கணிதம் நடத்த சின்னதாக ஒரு ஊதியம் ஒதுக்கினார்கள். அப்போது எம்மிக்கு வயது 41. முழுப் பேராசிரியர் பதவி கடைசி வரை கிடைக்கவில்லை.

1921ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, நவீன இயற்கணிதத்தின் அஸ்திவாரங்களில் ஒன்று. அதன் மையக் கருத்தை ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். 24இன் மடங்குகள் எல்லாம் 12இன் மடங்குகளுக்குள் அடங்கும். 12இன் மடங்குகள் 6க்குள், 6 உடையது 3க்குள், 3 உடையது 1க்குள். அதுக்கு மேல் போக இடமில்லை, சங்கிலி நின்றுவிடுகிறது. இப்படி வளர்கிற சங்கிலி எதுவாக இருந்தாலும் ஓரிடத்தில் நின்றே ஆக வேண்டும் என்ற ஒரே ஒரு நிபந்தனையை வைத்துக்கொண்டு, எண்களுக்கும் கோவைகளுக்கும் பொதுவான ஒரு பெரிய கோட்பாட்டையே எழுப்பினார் எம்மி. அந்த நிபந்தனைக்கு உட்படும் கணித அமைப்புகளுக்கு இன்று நோதேரியன் வளையங்கள் என்று பெயர்.

‘நோதர் பசங்க’

பாடம் நடத்துவதில் எம்மி ஒரு தனி ரகம். வேகமாகப் பேசுவார், குறிப்பு வைத்துக்கொள்ள மாட்டார். புதுசாக வந்தவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஆனா தாக்குப்பிடித்தவர்கள் அவரை விட்டு நகரவில்லை. எங்கே போனாலும் பின்னால் ஒரு கூட்டம். ‘நோதர் பசங்க’ என்றே அவர்களுக்குப் பெயர் வந்துவிட்டது.

ஒரு விடுமுறை நாளில் கட்டடம் பூட்டியிருந்தது. எம்மி வகுப்பை ரத்து செய்யவில்லை. மாணவர்களை வாசல் படிக்கட்டில் கூட்டி, காட்டு வழியே நடத்திக்கொண்டு போய் ஒரு காபி கடையில் வைத்துப் பாடம் நடத்தினார்.

உடை, தலைமுடி பற்றியெல்லாம் கவலையே கிடையாது. பேசும் வேகத்தில் கொண்டை அவிழ்ந்து தொங்கும். ஒருமுறை இரண்டு மாணவிகள் இதை இடைவேளையில் பக்குவமாகச் சொல்லலாம் என்று போனார்கள். எம்மியோ மற்ற மாணவர்களோடு கணக்கு விவாதத்தில் மூழ்கியிருந்தார். கடைசி வரை அவர்களால் கிட்டே நெருங்க முடியவில்லை.

தன் யோசனைகளைக் கஞ்சத்தனம் இல்லாமல் வாரிக் கொடுத்தவர் எம்மி. நெதர்லாந்தில் இருந்து வந்த வான் டெர் வேர்டன் எழுதிய நவீன இயற்கணிதம் நூல் உலகப் புகழ் பெற்றது. அதில் எம்மி, எமில் ஆர்ட்டின் ஆகியோரின் வகுப்புகளில் இருந்து வந்தவை ஏராளம். அதைப் பற்றி எம்மி சண்டைக்குப் போகவில்லை. கருத்து பரவினால் போதும் என்பதே அவர் குணம்.

1932ல் சூரிச்சில் நடந்த உலகக் கணித மாநாட்டில் முதன்மை உரை ஆற்றினார். அந்த மேடையில் அப்படிப் பேசிய முதல் பெண் அவர்தான். அதே ஆண்டு ஆக்கர்மன் டாய்ப்னர் பரிசும் கிடைத்தது. 50 வயதில், ஒருவழியாக அங்கீகாரம் வரத் தொடங்கியது.

அடுத்த ஆண்டே எல்லாம் தலைகீழானது.

1933: ஒரே சட்டம், எல்லாம் போச்சு

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் 7ல் அரசுப் பணியாளர் சட்டம் ஒன்று வந்தது. யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் அரசு வேலையில் இருந்து வெளியேற்றுவதே அதன் நோக்கம். அதே மாதம் எம்மியின் பாடம் நடத்தும் உரிமை பறிபோனது. இயற்பியல் அறிஞர் மேக்ஸ் பார்ன், கணித அறிஞர் ரிச்சர்ட் கூரன்ட் ஆகியோரும் கோட்டிங்கனில் இதே அடியைச் சந்தித்தார்கள்.

எம்மிக்கு இரட்டைச் சிக்கல். யூதர் என்பது ஒன்று. இடதுசாரிக் கருத்துள்ளவர் என்பது இன்னொன்று. இதைச் சொல்லியே முன்பு ஒரு விடுதியில் இருந்து அவரை வெளியேற்றியிருந்தார்கள்.

அவர் என்ன செய்தார்? மாணவர்களைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். வகுப்பு வரவேற்பறையில் தொடர்ந்தது. ஒருநாள் ஒரு மாணவர் நாஜிப் படையின் சீருடையிலேயே வந்து உட்கார்ந்தார். எம்மி பதறவில்லை, அவரை வெளியே போகச் சொல்லவும் இல்லை. பாடத்தை நடத்தினார். பிறகு அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தாராம்.

அந்த நாட்களில் உடனிருந்த கணித அறிஞர் ஹெர்மன் வெய்ல், எம்மியின் துணிச்சலும் நிதானமும் சுற்றியிருந்தவர்களுக்கே ஆறுதலாக இருந்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அமெரிக்காவில் 18 மாதங்கள்

1933 இறுதியில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார் எம்மி. பென்சில்வேனியாவில் இருக்கும் பிரின் மார் என்ற பெண்கள் கல்லூரி இடம் கொடுத்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பண உதவி செய்தது. அங்கே கணிதத் துறைத் தலைவர் அன்னா பெல் வீலர், தானும் ஒரு காலத்தில் கோட்டிங்கனில் படித்தவர். எம்மிக்கு நல்ல தோழியாக அமைந்தார்.

வாழ்க்கையில் முதல்முறையாகச் சுற்றிலும் பெண் கணித அறிஞர்கள். அங்கேயும் கணக்கு பேசிக்கொண்டே நீண்ட நடை போவது தொடர்ந்தது. 1934 முதல் பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டீன் இருந்த உயர் ஆய்வு நிறுவனத்துக்கும் வாரந்தோறும் போய் உரையாற்றினார்.

1934 கோடையில் ஒருமுறை ஜெர்மனி போய் வந்தார். தம்பி ஃபிரிட்ஸைப் பார்ப்பதும் ஒரு காரணம். அவருக்கும் வேலை போயிருந்தது. ஃபிரிட்ஸ் தேர்ந்தெடுத்த திசை சோவியத் ரஷ்யா. சைபீரியாவில் டோம்ஸ்க் நகரத்தில் கணிதப் பணி. அக்கா மேற்கே, தம்பி கிழக்கே.

1935 ஏப்ரலில் எம்மியின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. ஏப்ரல் 10ல் அறுவை சிகிச்சை. தேறி வருவது போல்தான் இருந்தது. நான்காவது நாள், ஏப்ரல் 14ல், திடீரென்று நினைவிழந்து இறந்துபோனார். வயது 53. அஸ்தி, பிரின் மார் நூலகத்தின் முற்றத்தைச் சுற்றிய நடைபாதையின் அடியில் புதைக்கப்பட்டது.

சில வாரங்களில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் ஐன்ஸ்டீனின் கடிதம் வெளியானது. பெண்களுக்கு உயர்கல்வி தொடங்கிய காலத்தில் இருந்து உருவான படைப்பாற்றல் மிக்க கணித மேதைகளில் எம்மியே முதன்மையானவர் என்று அதில் அவர் மதிப்பிட்டிருந்தார்.

தம்பி ஃபிரிட்ஸ் என்ன ஆனார்?

ஹிட்லரிடம் இருந்து தப்பியவர் ஸ்டாலினிடம் சிக்கினார். 1937ல் ஜெர்மானிய உளவாளி என்று சொல்லிக் கைது செய்தார்கள். 25 ஆண்டு சிறைத் தண்டனை. அவருக்காக ஐன்ஸ்டீன் சோவியத் அமைச்சருக்குக் கடிதம் எழுதியும் பலனில்லை. 1941 செப்டம்பரில் ஓரியோல் சிறையில் இருந்த அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. குற்றமற்றவர் என்று சோவியத் உச்ச நீதிமன்றம் அறிவித்தபோது ஆண்டு 1988. மகன்கள் இருவரும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். அதில் காட்ஃபிரீட் நோதர் புள்ளியியல் அறிஞராகப் பெயர் எடுத்தார்.

இன்று நோதர் எங்கே இருக்கிறார்?

நிலாவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர். ஒரு குறுங்கோளுக்கு அவர் பெயர். எர்லாங்கனில் ஒரு பள்ளிக்கு அவர் பெயர். 2015 மார்ச் 23ல் கூகுள் முகப்பிலும் வந்தார்.

எம்மியின் வாழ்க்கையைத் தன்னம்பிக்கைக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனா கணக்குப் பார்த்தால் விஷயம் வேறு. எர்லாங்கனின் கதவு திறந்தது விதி மாறியதால். கோட்டிங்கனின் கதவு திறந்தது ஆட்சி மாறியதால். மூடியதும் ஒரு சட்டம்தான். திறமை எல்லா நாளும் அப்படியேதான் இருந்தது. கதவு திறக்கும் வரை அவர் வேலையை நிறுத்தவில்லை என்பது அவர் பெருமை. இத்தனை ஆண்டுகள் அவரைக் காக்க வைத்தது அவர்களின் இழுக்கு.

ஜெர்மனியின் தேசிய ஆய்வு நிதி அமைப்பு இன்று ஒரு திட்டம் நடத்துகிறது. திறமையான இளம் ஆய்வாளர்கள் சொந்தமாக ஆய்வுக் குழு அமைக்கலாம். அவர்களின் சம்பளத்தையும் அந்தத் திட்டமே கொடுக்கும். அதன் பெயர், எம்மி நோதர் திட்டம்.